ஃப்ளூவுக்குச் சேர்த்தவருக்கு ரத்தத்தில் பூஞ்சை எப்படி வந்தது?

12-11-2024, மாலை (நெல்லிக்குப்பம் வாசகர் கேட்டது)

மாமனாருக்கு வயது 64, சர்க்கரை உண்டு. தீபாவளி கழிந்து காய்ச்சல், மூச்சுத் திணறல் என்று புதுச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இன்ஃப்ளூயன்சா நிமோனியா என்றார்கள். வென்டிலேட்டரில் இருக்கிறார். நேற்று டாக்டர் கூப்பிட்டு, ரத்தத்தில் பூஞ்சை வந்திருக்கிறது, தினமும் ஒரு ஊசி போடணும், விலை அதிகம் என்றார். வந்தது வைரஸ், பூஞ்சை எங்கிருந்து வந்தது? ஆஸ்பத்திரி அழுக்குதான் காரணம் என்று மச்சான் சண்டைக்கு நிற்கிறார். உடனே சென்னைக்குக் கொண்டு போகணும் என்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

12-11-2024, இரவு

நான் டாக்டர் இல்லை. புதுச்சேரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி லேபில் மைக்ரோபயாலஜி டெக்னீஷியன். வீடு கடலூர் செம்மண்டலம். பிளட் கல்ச்சர், அதாவது ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பாட்டில்தான் என் அன்றாட வேலை. அந்த இடத்திலிருந்து தெரிந்ததைச் சொல்கிறேன். மருந்து எது, எவ்வளவு என்பதெல்லாம் உங்கள் டாக்டரின் முடிவு.

முதலில் ஒன்று. ரத்தத்தில் கேண்டிடா (ஐ.சி.யூ.வில் ரத்தத்தில் வரும் பூஞ்சை பெரும்பாலும் இதுதான்) வளர்ந்தால் அதை எந்த லேபும் எந்த டாக்டரும் சும்மா விடமாட்டார்கள். தோலில் இருக்கும் சில பாக்டீரியா ஊசி குத்தும்போது தவறிப் பாட்டிலுக்குள் விழுந்திருக்கலாம் என்று சந்தேகிப்பது உண்டு. கேண்டிடாவுக்கு அந்தச் சந்தேகத்தின் பலனைக் கொடுப்பதில்லை. ஒரே ஒரு பாட்டிலில் வளர்ந்தாலும் வைத்தியம் உண்டு. அதனால் ஊசியைத் தள்ளிப் போடாதீர்கள். பணம் பிடுங்கச் சொல்கிறார்களோ என்ற எண்ணம் வந்தால், பிளட் கல்ச்சர் ரிப்போர்ட்டைக் காட்டச் சொல்லுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது.

எங்கிருந்து வந்தது என்றால், பெரும்பாலும் அவர் உடம்பிலிருந்தே. கேண்டிடா நம் எல்லோருடைய குடலிலும் வாயிலும் தோலிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிற ஈஸ்ட் என்ற நுண்ணிய பூஞ்சை. கனமான ஆன்டிபயாடிக் போடும்போது குடலில் அதோடு போட்டி போடும் பாக்டீரியா அழிந்துவிடும், இது பெருகும். அப்புறம் கழுத்திலோ தொடையிலோ மருந்து ஏற்றப் போட்டிருக்கும் சென்ட்ரல் லைன் என்ற குழாய் தோலைத் தாண்டி நேராகப் பெரிய ரத்தக் குழாய்க்குள் போகிறது. ஸ்டீராய்டு, சர்க்கரை, டயாலிசிஸ், வயிற்று ஆபரேஷன், நரம்பு வழியாகவே முழுச் சாப்பாடும் ஏற்றுவது எல்லாம் இதோடு சேரும். ஃப்ளூ உங்கள் மாமனாரை ஐ.சி.யூ.வில் படுக்க வைத்தது. பூஞ்சைக்கு வழி திறந்தது பெரும்பாலும் அங்கே உயிரைக் காப்பாற்றச் செய்தவைதான்.

மச்சான் சொல்வதையும் முழுக்கத் தள்ள முடியாது. லைனைத் தொடும் கை சுத்தமாக இல்லையென்றால் அந்தக் கை வழியாகவும் வரும். ஆனால் இன்றைக்குச் சண்டை போட வேண்டாம். வென்டிலேட்டரோடு ஈ.சி.ஆர். வழியே சென்னைக்குக் கொண்டு போவதிலேயே ஆபத்து இருக்கிறது. நாளை காலை டாக்டரைப் பார்க்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: சென்ட்ரல் லைன் எப்போது போட்டது, அதை எடுக்கப் போகிறீர்களா? மறுபடி பிளட் கல்ச்சர் எப்போது? கண் டாக்டர் பார்ப்பாரா?

13-11-2024

பண்ருட்டியிலிருந்து ஒருவர், "எங்க அப்பாவுக்குச் சளியில் கேண்டிடா என்று ரிப்போர்ட் வந்தது, ஆனால் டாக்டர் மருந்தே தரவில்லை. அலட்சியமா?" என்று கேட்டிருக்கிறார்.

அலட்சியம் இல்லை. சளியில் வருவது பெரும்பாலும் வாயிலும் தொண்டையிலும் குடியிருப்பது. கேண்டிடா நுரையீரலைத் தாக்கி நிமோனியா உண்டாக்குவது மிகவும் அரிது. மூத்திர டியூபும் பையும் போட்டவருக்குச் சிறுநீரில் வருவதும் பல நேரம் அப்படித்தான், டியூபை மாற்றினாலே போய்விடும். எந்த இடத்து மாதிரி என்று பார்க்காமல் பூஞ்சை என்ற சொல்லை மட்டும் பார்த்துப் பயப்படக் கூடாது. ரத்தத்தில் என்றால் கதை வேறு.

13-11-2024, இரவு

"வீட்டில் காளான் பிரியாணி அடிக்கடி செய்வோம், அதனாலா?" என்று ஒருவர். இல்லை. காளானும் கேண்டிடாவும் ஒரே பெருங்குடும்பத்தில் வரும், அவ்வளவுதான் உறவு. இட்லி மாவு, தோசை மாவு, தயிர் எதையும் வீட்டில் நிறுத்த வேண்டாம். கேள்வியில் தப்பே இல்லை. ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்திருக்கும்போது என்னவெல்லாம் தோன்றும் என்று எனக்குத் தெரியும்.

15-11-2024

நெல்லிக்குப்பம் தம்பி சொன்ன தகவல்: லைனை எடுத்துவிட்டார்கள், கையில் வேறு ஊசி போட்டிருக்கிறார்கள். நல்லது. இதைப் பற்றி விரிவாகவே எழுதணும்.

2021 இரண்டாம் அலையில் என் சித்தப்பா கொரோனாவோடு ஒரு ஆஸ்பத்திரியில் இருந்தார், பெயர் வேண்டாம். ரத்தத்தில் கேண்டிடா வந்தது. மருந்து ஆரம்பித்துவிட்டார்கள். ஆனால் கை கால் எல்லாம் வீங்கி நரம்பே கிடைக்கவில்லை, கழுத்து லைன் ஒன்றுதான் வழி, அதை எடுத்தால் மருந்தை எங்கே ஏற்றுவது என்று வைத்துக்கொண்டே இருந்தார்கள். மறுபடி எடுத்த கல்ச்சரும் பாசிட்டிவ், அதற்கடுத்ததும் பாசிட்டிவ். மருந்து சரியாக இல்லை போலிருக்கிறது என்று மாற்றப் பேசினார்கள். நான் போனில் கெஞ்சினேன். லைனை ஒருதரம் எடுத்துப் பாருங்கள், தேவையென்றால் வேறு இடத்தில் புதிதாகப் போடுங்கள் என்று. ஒரு மயக்க மருந்து டாக்டர் அல்ட்ராசவுண்ட் வைத்துக் கையில் நரம்பு கண்டுபிடித்துக் கொடுத்தார். கழுத்து லைனை எடுத்தார்கள். அடுத்த கல்ச்சரில் எதுவும் வளரவில்லை.

ஏன் அப்படி என்றால், கேண்டிடா பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு படலம் கட்டும். மாடித் தண்ணீர்த் தொட்டிக் குழாயின் உள்பக்கம் வழவழவென்று படிந்திருக்குமே, அந்த மாதிரி. மருந்து ரத்தத்தில் ஓடுவதைக் கொல்லும், படலத்துக்குள் இருப்பதைத் தொடுவது கடினம். அங்கிருந்து மறுபடி மறுபடி உதிர்ந்து ரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கும்.

சித்தப்பாவுக்குக் கண்ணையும் பார்த்தார்கள். விழித்திரையில் வெள்ளைப் புள்ளிகள். ரத்தத்தில் சுற்றும் கேண்டிடா கண்ணில் போய் உட்காருவது உண்டு, வென்டிலேட்டரில் இருப்பவர் பார்வை மங்குகிறது என்று சொல்ல முடியாது. புள்ளி இருந்தால் மருந்தையே மாற்ற வேண்டியிருக்கும், ஏனென்றால் முதலில் போடும் சில ஊசிகள் கண்ணுக்குள் சரியாகப் போகாது. சித்தப்பா இன்றைக்கும் கண்ணாடி போட்டுக்கொண்டு பேப்பர் படிக்கிறார். அதனால்தான் அந்த மூன்று கேள்வியை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

16-11-2024

"ரிப்போர்ட் வர ஏன் இத்தனை நாள்? லேபில் தூங்குகிறீர்களா?" என்று ஒருவர் கோபமாகக் கேட்டிருக்கிறார். கோபம் நியாயமானது, நடப்பதைச் சொல்கிறேன்.

பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி ரத்தம் வேண்டும். 2 மில்லி விட்டு அனுப்பினால் வளர வேண்டியது வளராமலே போகலாம். பாட்டிலை மெஷினில் 37 டிகிரி அளவில் வைத்து, ஆட்டிக்கொண்டே இருப்போம். வழக்கமாக 5 நாள் வைத்துப் பார்க்கணும். பாட்டிலின் அடியில் ஒரு வட்டம் இருக்கும். உள்ளே ஏதாவது வளர்ந்து கரியமில வாயு வெளியிட்டால் அது மஞ்சளாக மாறும், மெஷின் கத்தும். கேண்டிடா பெரும்பாலும் 1 முதல் 3 நாளுக்குள் கத்தும், சில வகை இன்னும் மெதுவாக.

கத்தியதும் ஒரு சொட்டு எடுத்து ஸ்லைடில் தேய்த்து கிராம் சாயம் போடுவோம். பாக்டீரியா என்றால் பொடிப் பொடியாகத் தெரியும். கேண்டிடா என்றால் அதைவிடப் பல மடங்கு பெரிய, கருநீலமான முட்டை வடிவம். பலவற்றின் ஓரத்தில் குட்டியாக ஒரு மொட்டு. அதைப் பார்த்த நிமிடமே ஐ.சி.யூ.வுக்குப் போன் போகும். எழுத்து ரிப்போர்ட்டுக்குக் காத்திருப்பதில்லை. ராத்திரி 2 மணி என்றாலும் டியூட்டி டாக்டரை எழுப்பிச் சொல்லி, யாரிடம் சொன்னோம், எத்தனை மணிக்கு என்று நோட்டில் எழுதி வைப்போம். உங்கள் டாக்டர் ஊசி என்று சொன்னது அந்தப் போனை வைத்துத்தான் இருக்கும்.

எந்த வகை என்று சொல்லத்தான் நேரம். மனித சீரத்தில் கலந்து 37 டிகிரியில் 2, 3 மணி நேரம் வைத்தால் ஆல்பிகன்ஸ் என்ற கேண்டிடா வகை வால் மாதிரி ஒரு குழல் விடும். வகைக்கு ஒரு நிறம் காட்டும் வளர்ப்புத் தட்டில் போட்டால் ஆல்பிகன்ஸ் பச்சை, ட்ராபிகாலிஸ் நீலம், க்ரூசெய் இளஞ்சிவப்பு. அதற்கு 2 நாள். மால்டி-டாஃப் மெஷின் இருக்கிற இடங்களில் வளர்ந்த பிறகு நிமிடங்களில் பெயர் கிடைத்துவிடும். எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பதற்கு இன்னும் ஒரு நாள், இரண்டு நாள்.

இதில் எனக்கு உறுத்தும் விஷயம் வேறு. ரத்தத்திலும் உள் உறுப்புகளிலும் கேண்டிடா இருந்தும் கல்ச்சரில் பிடிபடுவது ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான். அதனால்தான் நெகட்டிவ் என்று வந்த பிறகும் சில டாக்டர்கள் பீட்டா-டி-குளூக்கன் என்ற ரத்தச் சோதனை கேட்பார்கள், அல்லது சந்தேகத்தின் பேரிலேயே மருந்தை ஆரம்பிப்பார்கள். ஆன்டிபயாடிக் போட்டும் காய்ச்சல் அடங்காத நோயாளிக்கு மறுபடி கல்ச்சர் எடுங்கள் என்று கேட்பதில் குடும்பத்தார் கூச்சப்பட வேண்டாம்.

18-11-2024

"கொரோனா வந்தவர்களுக்குக் கருப்புப் பூஞ்சை வந்ததே, இதுவும் அதுவும் ஒன்றா?"

ஒன்றில்லை. ஐ.சி.யூ.வில் பூஞ்சை என்று சொன்னால் மூன்றில் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். 2021 மே மாதத்தில் ஊரையே பயமுறுத்தியது மியூகர். மூக்கு, சைனஸ், கண் என்று திசுவைத் தின்றுகொண்டு போவது. கட்டுப்படாத சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்த இடத்தில் அதிகம் வந்தது. இரண்டாவது ஆஸ்பர்ஜில்லஸ். கடுமையான ஃப்ளூவும் கொரோனாவும் மூச்சுக் குழாயின் உள்தோலைப் புண்ணாக்கிய பிறகு நுரையீரலில் இறங்கும். பிளட் கல்ச்சரில் சாதாரணமாக அகப்படாது. மூன்றாவதுதான் நாம் பேசும் கேண்டிடா.

ஸ்டீராய்டு பற்றிக் கேட்டவர்களுக்கு: 2020 ஜூனில் இங்கிலாந்தின் ரெக்கவரி ஆய்வு, டெக்சாமெத்தசோன் தினம் 6 மில்லிகிராம், அதிகபட்சம் 10 நாள் என்று கொடுத்தால் வென்டிலேட்டரில் இருக்கும் கொரோனா நோயாளிகளின் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று காட்டியது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை என்பதும் அதே ஆய்வில் இருந்தது. அந்த இரண்டாவது பாதியை நம் ஊரில் யாரும் காதில் வாங்கவில்லை. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி வீட்டிலேயே விழுங்கினார்கள். ஃப்ளூவுக்கு என்று மட்டும் ஸ்டீராய்டு கொடுப்பதை வழிகாட்டிகள் பரிந்துரைப்பதில்லை, ஆஸ்துமா மாதிரி வேறு காரணம் இருந்தால் தவிர. தம்பி, மாமனாருக்கு ஸ்டீராய்டு ஓடுகிறதா, ஏன் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

20-11-2024

முதல் குறிப்பில் நம் நாட்டுக் கணக்கு எதுவும் சொல்லவில்லை, கேட்கிறார்கள். சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவ நிறுவனத்தின் அருணலோக் சக்ரவர்த்தி குழு 2015-இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. 27 ஐ.சி.யூ.க்கள், ரத்தத்தில் கேண்டிடா வந்த 1,400 நோயாளிகள். ஐ.சி.யூ.வில் சேரும் ஆயிரம் பேரில் 6, 7 பேருக்கு ரத்தத்தில் கேண்டிடா. அப்படி வந்தவர்களில் பாதிப் பேருக்கு, சேர்ந்து 8 நாள் ஆகும்போதே வந்திருந்தது. அவர்களில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய 45. நம் நாட்டில் முதலிடம் ட்ராபிகாலிஸுக்கு, நூற்றுக்கு 41 போல. மேலை நாட்டுப் புத்தகங்கள் ஆல்பிகன்ஸை முதலில் வைக்கும். என் தட்டிலும் பச்சையைவிட நீலம்தான் அதிகம் பார்க்கிறேன்.

45 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு நெல்லிக்குப்பம் தம்பி இடிந்து போகக் கூடாது என்பதற்காக இன்னொன்றையும் சொல்கிறேன். அந்த ஆய்விலேயே கேண்டிடாவின் கணக்கில் மட்டும் சேர்க்கக் கூடிய சாவு நூற்றுக்கு 20-க்குள். மீதி, அவர்களை ஐ.சி.யூ.வுக்குக் கொண்டு வந்த நோயின் கணக்கு. சீக்கிரம் கண்டுபிடித்து, சீக்கிரம் மருந்து போட்டு, லைனை எடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு கூடுகிறது. உங்கள் மாமனாருக்கு மூன்றும் நடந்திருக்கிறது.

லைன் விஷயத்தில் ஒரு திருத்தம். எல்லோருக்கும் உடனே எடுத்தாகணும் என்று என் 15-ஆம் தேதிக் குறிப்பைப் படிக்கத் தோன்றும். கீமோதெரபியில் வெள்ளை அணு அடியோடு இறங்கியவர்களுக்குப் பூஞ்சை பெரும்பாலும் குடலிலிருந்து வருகிறது, அங்கே லைனை எடுப்பதை ஆளுக்கேற்ப முடிவு செய்வார்கள். மற்ற ஐ.சி.யூ. நோயாளிகளுக்கு நான் எழுதியது பொருந்தும்.

22-11-2024

ஆரிஸ் என்ற கேண்டிடா வகை பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். கேண்டிடா ஆரிஸ் என்று முதலில் விவரித்தது 2009-இல், ஜப்பானில் ஒரு மூதாட்டியின் காதில் கிடைத்ததை வைத்து. மற்ற கேண்டிடா ஆளின் உடம்பிலிருந்து வருகிறது என்றேன். இது அதோடு நிற்காமல் ஆளிலிருந்து ஆளுக்கும் போகும். கட்டில் கம்பி, பி.பி. பட்டை, வென்டிலேட்டர் பட்டன் என்று வாரக் கணக்கில் உயிரோடு இருக்கும். வழக்கமாகத் தரை துடைக்கும் சில கிருமிநாசினிகளுக்கு அசையாது, குளோரின் கலந்தது வேண்டும். ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்துக்குப் பெரும்பாலும் கட்டுப்படாது. பழைய அடையாளம் காணும் மெஷின்கள் இதை வேறு பெயரில் காட்டிவிடும். ஹெமுலோனி என்று ரிப்போர்ட் வந்தால் நாங்கள் இன்னொரு தரம் சரிபார்ப்போம்.

2020 ஏப்ரல் முதல் ஜூலை வரை டில்லியில் ஒரு கொரோனா ஐ.சி.யூ.வில் 596 பேரில் 15 பேருக்கு ரத்தத்தில் கேண்டிடா வந்தது. அதில் 10 பேருக்கு ஆரிஸ். அந்தப் பத்தில் 6 பேர் இறந்தார்கள். பி.பி.இ. உடைக்குள் ஒரே கையுறையோடு படுக்கை படுக்கையாகப் போன காலம் அது, நினைத்தாலே மனசு கனக்கிறது. 2022 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் 19 பூஞ்சைகளைப் பட்டியல் போட்டபோது மிக ஆபத்தான நான்கில் ஆரிஸையும் ஆல்பிகன்ஸையும் வைத்தது. ட்ராபிகாலிஸ் அதற்கடுத்த வரிசையில்.

மச்சானின் கோபத்துக்கு இங்கேதான் பதில் இருக்கிறது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஐ.சி.யூ.க்களில் பீட்டர் ப்ரோனோவோஸ்ட் குழு ஐந்தே காரியத்தைக் கட்டாயமாக்கியது: கை கழுவுவது, லைன் போடும்போது போடுபவருக்கு முழு உடையும் நோயாளி மேல் முழு துணியும், குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால் தோலைத் துடைப்பது, தொடையைத் தவிர்ப்பது, தேவை முடிந்ததும் எடுத்துவிடுவது. லைன் வழியாக ரத்தத்தில் ஏறும் தொற்று 66 சதவீதம் வரை குறைந்தது. 2006-இல் வெளியான முடிவு. இதில் விலை உயர்ந்த பொருள் எதுவும் இல்லை. நம் ஊர் ஐ.சி.யூ.க்களில் ஒரு நர்ஸ் எத்தனை படுக்கையைப் பார்க்கிறார் என்பதைத்தான் கேட்கணும். நான்கு நோயாளிக்கு ஒருவர் ஓடிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு தொடுதலுக்கும் கை தேய்க்க நேரம் எங்கே? சண்டை போடுவதென்றால் அதற்குப் போடுங்கள், நானும் வருகிறேன்.

24-11-2024

தம்பி கேட்டது: "11-ஆம் தேதி மருந்து ஆரம்பித்தார்கள். இன்றோடு 14 நாள். நிறுத்திவிடலாமா? ஏன் இன்னும் 6 நாள் என்கிறார்?"

14 நாள் என்பது மருந்து ஆரம்பித்த தேதியிலிருந்து எண்ணுவதில்லை. பூஞ்சை வளராத முதல் பிளட் கல்ச்சர் எடுத்த தேதியிலிருந்து எண்ணுவார்கள். உங்களுக்கு 16-ஆம் தேதி எடுத்தது நெகட்டிவ் என்றீர்கள். அப்படியென்றால் 30 வரை. கண்ணிலோ இதய வால்விலோ இறங்கியிருந்தால் இன்னும் நீளும், கண்ணில் ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டாரே. ஊசியிலிருந்து ஃப்ளூகோனசோல் மாத்திரைக்கு மாற்றலாம் என்று சொல்லியிருப்பதும் நல்ல செய்திதான். செலவு குறையும்.

ஃப்ளூகோனசோல் என்றதும் ஒன்று. படர்தாமரைக்கு, வெள்ளைப்படுதலுக்கு என்று மெடிக்கல் ஷாப்பில் 150 மில்லிகிராம் மாத்திரையைக் கேட்டு வாங்கிப் போடுவது நம் பக்கம் சாதாரணம். உயிர் ஊசலாடும்போது கைகொடுக்க வேண்டிய மருந்து அது. கண்டபடி போட்டு அதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

26-11-2024

முன்பு வீட்டில் தயிரை நிறுத்த வேண்டாம் என்றேன். ஐ.சி.யூ.வுக்கு ஒரு விலக்கு உண்டு. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் சில சாஷேக்களில் இருப்பது சாக்கரோமைசஸ் பூலார்டி என்ற உயிருள்ள ஈஸ்ட். சென்ட்ரல் லைன் இருப்பவருக்கு அது கூடாது. படுக்கைப் பக்கத்தில் பாக்கெட்டைக் கிழிக்கும்போது பறக்கும் தூள் கை வழியாக லைனுக்குள் போய் ரத்தத்தில் வளர்ந்த சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. வீட்டிலிருந்து ப்ரோபயாடிக் வாங்கிக்கொண்டு போய் நர்ஸிடம் நீட்டாதீர்கள்.

04-12-2024

கரண்டும் நெட்டும் இப்போதுதான் ஒழுங்காக வந்தது. 30-ஆம் தேதி ராத்திரி ஃபெஞ்சல் கரையைக் கடந்தது எங்கள் தலைக்கு மேல்தான். புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை. அது வடிவதற்குள் தென்பெண்ணை வெள்ளம் கடலூருக்குள் வந்துவிட்டது. டியூட்டிக்குப் போனவர்கள் லேபிலேயே தங்கிவிட்டோம். பிளட் கல்ச்சர் மெஷினை ஜெனரேட்டரிலேயே ஓட்டினோம். வார்டிலிருந்து பாட்டில் வர நேரமாகும் என்றால் சாதாரண அறை வெப்பத்தில் வையுங்கள், ஃபிரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள் என்று ஒவ்வொரு மாடிக்கும் போன் போட்டோம். குளிர்ந்தால் உள்ளே இருக்கிற உயிர் வளராது, ரிப்போர்ட் பொய்யாக நெகட்டிவ் காட்டும்.

நெல்லிக்குப்பம் தம்பியின் செய்தியைப் பார்த்தேன். மாமனார் வென்டிலேட்டரிலிருந்து இறங்கி வார்டுக்கு வந்துவிட்டார், மழைக்கு நடுவில் கடைசி மாத்திரையும் முடிந்தது. அவ்வளவு சந்தோஷம்.

வீட்டுக்குப் போகும்போது டிஸ்சார்ஜ் பேப்பரோடு பிளட் கல்ச்சர் ரிப்போர்ட்டின் நகலையும் கேட்டு வாங்குங்கள். எந்த கேண்டிடா, எந்த மருந்துக்குக் கட்டுப்பட்டது என்ற பக்கம் அதில் இருக்கணும். மறுபடி ஜிப்மருக்கோ மஞ்சக்குப்பம் பெரியாஸ்பத்திரிக்கோ எங்கே போனாலும் முதலில் அதைக் காட்டுங்கள். பேரக் குழந்தைகளைப் பக்கத்தில் விடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக விடலாம். உங்கள் ரிப்போர்ட்டில் இருப்பது ட்ராபிகாலிஸ், அது மடியில் உட்காரும் பிள்ளைக்கு ஒன்றும் செய்யாது. ஆரிஸ் என்று வந்தவர்கள் மட்டும், அடுத்த தரம் ஆஸ்பத்திரியில் சேரும்போது முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தோலில் அது மாதக் கணக்கில் தங்கும். தனி அறை கொடுப்பார்கள். சர்க்கரை மாத்திரையையும் இன்சுலினையும் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வருஷா வருஷம் ஃப்ளூ தடுப்பூசி போடலாமா என்று அடுத்த செக்கப்பில் கேளுங்கள்.